முதல் சிவப்பு வரி

மறுபடியும் அதே தொகை. எஃப் ஐந்து விசையை அழுத்தினேன், திரை நிறைய எண்கள் கொட்டின, நின்றன, அடியில் அதே தொகை, காலையில் வந்ததும் இதே, சாப்பிடப் போகும் முன் வந்ததும் இதே. நான் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான் போலிருக்கிறது. ஒரு லாரியின் ஓட்டங்கள் வரிவரியாக ஒரு கோப்பில் இருக்கின்றன, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எவ்வளவு டீசல் குடித்தது என்று. நிரல் எல்லா வரியையும் படித்து, அச்சடித்து, கடைசியில் மொத்தம் சொல்ல வேண்டும். சொல்கிறது, ஆனால் கடைசி ஓட்டத்தின் டீசலைக் கூட்டாமல் விட்டுவிடுகிறது, அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும் லாரியை யாரோ தள்ளிக்கொண்டு போன மாதிரி. இந்தக் குறையை நாலு மணிக்குள் நீக்கிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் பரீட்சை, கல்லூரிப் பிள்ளைகள் காப்பி குடித்துக்கொண்டே செய்துவிடுவார்கள் என்று பக்கத்து இருக்கை லூர்து சொன்னார். நான் கல்லூரிப் பிள்ளை இல்லை. அடுத்தவர்கள் எழுதிய நிரலில் குறை கண்டுபிடித்துச் சொல்வதற்கென்றே இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினவள். ஒருகாலத்தில் என் பெயரைக் கேட்டாலே நிரல் எழுதுகிறவர்கள், கோமதி பார்த்துவிட்டாளா, அப்படியானால் இன்னும் ஒரு வாரம் ஆகும் என்பார்கள். இப்போது என் குறையை நானே கண்டுபிடிக்க முடியாமல் ஆறாவது மாடியில், கிரானைட் தரை, காலைக் குடையும் ஏசி, சால்வையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உள்ளங்கால் ஜில்லென்று மரத்துப்போய், அது என் கால்தானா என்று ஒரு தரம் அசைத்துப் பார்த்தேன்.

பெஞ்ச் என்று சொல்வார்கள், வேலை இல்லாமல் சம்பளம் வாங்கிக்கொண்டு காத்திருப்பதை. கேட்பதற்கு ஏதோ பூங்காவில் இருப்பது போல இருக்கும். நாங்கள் பார்த்துவந்த சோதனை வேலையை இயந்திரமே செய்துகொள்கிறது என்று ஒரு மின்னஞ்சல் வந்தது, மறுநாள் முதல் பெஞ்ச். பிறகு இன்னொரு மின்னஞ்சல், வண்டிக்குள் பொருத்தும் கணினிப் பெட்டிகளுக்கு நிரல் எழுத ஆள் வேண்டும், சி மொழி தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை, தெரியாதவர்களுக்குப் பயிற்சி. சி எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். பாளையங்கோட்டையில் படிக்கும்போது ஜெராக்ஸ் கடையில் வாங்கின கைடை மனப்பாடம் செய்து பாஸ் பண்ணினவள்தானே, பாயிண்டர் என்றால் என்ன என்று கேட்டால் இன்றைக்கும் மூன்று வரி ஒப்பிப்பேன், ஆனால் அது உண்மையில் என்ன என்று கேட்டால் தெரியாது. இதுவரை நான் புழங்கிய மொழியில் எழுதுவோம், ஓட்டுவோம், முடிந்தது. இங்கே அப்படி இல்லை. எழுதியதை முதலில் கம்பைலர் என்கிற அம்மாள் படித்துப் பார்க்க வேண்டும், அவளுக்கு ஒப்பினால்தான் ஓடக்கூடிய நிரலாக மாற்றித் தருவாள், பிறகு அதைத் தனியாக ஓட்ட வேண்டும். ஒப்பவில்லை என்றால் சிவப்பு எழுத்தில் திட்டுவாள், வரி முடிவில் ஒரு செமிகோலனை, அந்த அரைப்புள்ளியை, விட்டதற்கு ஒரு பக்கம் திட்டுவாள், அதில் முதல் வரியைத் தவிர மற்றதெல்லாம் வெறும் ஆத்திரம். பயிற்சி கொடுக்கிற அர்ஷத் அதைத்தான் முதல் நாள் சொன்னான், எப்பவும் முதல் சிவப்பு வரியப் பாருங்க மேடம், கீழ இருக்கறதெல்லாம் அதோட எதிரொலி. நல்ல பையன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறார்களாம்.

இரண்டு தடவை கட்டளை அடிக்கச் சலிப்பாக இருக்கிறதே என்று இன்று காலையில் வந்ததும் நான்தான் இரண்டையும் சேர்த்து ஒரே விசையில் பூட்டினேன். எஃப் ஐந்தை அழுத்தினால் கம்பைலரும் ஓடும், உடனே நிரலும் ஓடும். நான் செய்வதைப் பார்த்து எனக்கும் எனக்கும் என்று வரிசையாக வந்தார்கள், பன்னிரண்டு பேருக்கும் போட்டுக் கொடுத்தேன். நீங்க நல்லா இருக்கணும் கோமதி, என்றார் பக்கத்து இருக்கை லூர்துராஜ், பாதி விரல் தேஞ்சு போச்சு எனக்கு. சின்னச் சந்தோஷம்தான், ஆனால் பல நாளைக்கப்புறம் வந்த சந்தோஷம், இன்னும் நான் உபயோகமாக இருக்கிறேன் என்று. அந்த உற்சாகத்தில்தான் முதல் மாற்றத்தைச் செய்தேன், வரிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூட்டும் சுழல் ஒரு படி முன்னாலேயே நின்றுவிடுகிறது, இன்னும் ஒரு படி ஓடட்டும் என்று. அழுத்தினேன். அதே தொகை. அப்போது ஆரம்பித்தது. அதற்கப்புறம் கோப்பைத் திறக்கும் இடத்தில் மாற்றினேன், எண்ணைப் படிக்கும் இடத்தில் மாற்றினேன், சுழலுக்கு வெளியே கடைசி வரியைத் தனியாக எடுத்துக் கூட்டினேன், மொத்தத்தைப் போட்டு வைக்கும் பெட்டியின் பெயரைக்கூட மாற்றிப் பார்த்தேன், கண் திருஷ்டி கழிப்பது போல. அதே தொகை, அதே தொகை. ஒரு கட்டத்தில் கணினி என்னைக் கவனிக்கவே இல்லை என்று தோன்றியது. வீட்டில் இப்படித்தான், நான் சொல்வதை எல்லாம் கேட்டுவிட்டு என் வீட்டுக்காரர் தான் நினைத்ததைச் செய்வார், கேட்டால் நீ சொன்னதைத்தானே செஞ்சேன் என்பார்.

சந்தேகம் கேட்க ஒரு குழு திறந்து வைத்திருக்கிறான் அர்ஷத். எந்தக் கேள்வியும் சின்னக் கேள்வி கிடையாது என்று மேலே எழுதியும் வைத்திருக்கிறான், அப்படி எழுதி வைத்த இடத்தில்தான் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. நான் என்ன மாத்தினாலும் ஏன் எதுவும் மாறவில்லை என்று தட்டினேன். படித்துப் பார்த்தேன். சோசியரிடம் கேட்கும் கேள்வி மாதிரி இருந்தது. அழித்தேன். கேள்விக்குப் பக்கத்தில் பெயர் விழும், பெயரை யார் யாரோ பார்ப்பார்கள், இந்தக் கூடத்தில் பாதிப் பேரைத்தான் எடுப்பார்களாம், யார் சொன்னது என்று தெரியாது, எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. மீதிப் பாதியை இரண்டாவது மாடிக்குக் கூப்பிடுவார்கள், கணக்கு முடித்து அனுப்ப. போன மாதம் என்னோடு சோதனை வேலை பார்த்த தெய்வானையைக் கூப்பிட்டார்கள். மேசைமேல் தண்ணீர் பாட்டில் வைத்துச் சிரித்த முகமாக உட்காரச் சொன்னார்களாம், அந்தப் பாட்டிலைப் பார்த்ததுமே புரிஞ்சுடுச்சு கோமதி, என்று வாசலில் நின்று சொன்னாள், கழுத்தில் அடையாள அட்டை இல்லாமல் அவளைப் பார்க்க யாரோ போல இருந்தது. அதிலிருந்து யாராவது எனக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தால் வேண்டாம் என்று தள்ளி வைக்கிறேன். கேவலம், தண்ணீர்.

போன் அதிர்ந்தது. அப்பா. இன்றைக்கு அவருக்கு ரத்தம் சுத்தம் பண்ணுகிற நாள், மாடி வீட்டு அம்மாவின் மகன் ஆட்டோவில் கூட்டிப் போயிருக்கிறான். சால்வையால் வாயை மூடிக்கொண்டு பேசினேன். "ஏட்டி கோமு, சாப்ட்டியா? இங்க கார்டு கேக்காவ. பழைய கார்டுதான, புதுசு எதுவும் குடுத்துருக்காவளா?" "அதேதாம்ப்பா. அதக் குடுங்க." "செல்லும்லா?" "செல்லும்ப்பா, செல்லும்." கம்பெனி கொடுத்த காப்பீட்டு அட்டை, என் பெயருக்குக் கீழே அவர் பெயர். நான் இங்கே இருக்கிறவரைக்கும் அவருக்கு அந்தக் கட்டில், அந்த இயந்திரம், அந்த ஊசி. நான் இரண்டாவது மாடிக்குப் போனால் அன்றைக்கே அந்த அட்டை வெறும் பிளாஸ்டிக். அப்பாவுக்கு இது தெரியாது, பொண்ணு பெரிய கம்பெனியில் இருக்கா, அதனால ராஜ வைத்தியம் என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் பெருமை அடிப்பார். ஒரு ஓட்டத்து டீசல். ஒரு சுழல். அப்பாவுக்கு ஊசி ஏற்றுகிற கை வீங்கிப்போய் நரம்பு புடைத்து இருக்கும், அதைத் தொட்டால் உள்ளே விர்ரென்று ஒரு துடிப்பு, முதல் தடவை பயந்து கையை எடுத்துவிட்டேன், அவர் சிரித்தார். அந்தத் துடிப்பை நினைத்துக்கொண்டே எஃப் ஐந்தை அழுத்தினேன். அதே தொகை.

தூக்கம் என்று சொல்ல முடியாது, கண் சொருகியது. தயிர் சாதமும் ஏசியும். வலது கை மவுஸின் மேல் கிடந்தது, நடுவிரல் சக்கரத்தின் மேல், தலை ஆட விரலும் உருட்டியிருக்க வேண்டும். திடுக்கிட்டுப் பார்த்தபோது திரையில் எண்கள் இல்லை, மேலே, எண்களுக்கெல்லாம் மேலே, நான் ஒருநாளும் போகாத இடத்தில் நின்றிருந்தது. அங்கே சிவப்பாக ஒரு வரி. ஒரு செமிகோலனை எதிர்பார்த்தேன், காணவில்லை, இன்ன வரி என்று கம்பைலர் சொல்லியிருந்தாள். அதற்குக் கீழே இன்னொரு சிவப்பு, இன்னொன்று. அதற்கப்புறம்தான் எண்களே ஆரம்பிக்கின்றன. சற்று நேரம் ஒன்றும் விளங்கவில்லை. கம்பைலர் ஒப்பவில்லை, திட்டியிருக்கிறாள். ஒப்பாவிட்டால் புதிய நிரல் கிடையாது. புதிய நிரல் கிடையாதென்றால் ஓடியது எது? காலையில் முதன்முதலாக, நான் கை வைப்பதற்கு முன்னால், அவர்கள் கொடுத்தபடியே கம்பைலர் மாற்றித் தந்த நிரல். குறையோடு கொடுத்த நிரல். என் விசை முதல் வேலை நடந்ததா இல்லையா என்று பார்க்கவே இல்லை, இரண்டாவது வேலையைச் செய்துகொண்டே இருந்திருக்கிறது, பழையதை எடுத்து எடுத்து ஓட்டியிருக்கிறது, அது கொட்டின எண்களில் சிவப்பு மேலே ஏறி மறைந்திருக்கிறது. முதல் மாற்றம் செய்தபோதே செமிகோலனை விட்டிருக்கிறேன். அந்த மாற்றமே சரியாக இருந்திருக்கலாம். அதன் மேல் இத்தனை மாடி கட்டி, எந்த மாடியும் யார் கண்ணிலும் படாமல், நாள் முழுக்க ஒரே பழைய வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். கோபம் வர வேண்டும், வரவில்லை, வாயைத் திறந்தால் கொட்டாவிதான் வந்தது.

பிறகுதான் அது உறைத்தது. எனக்கு மட்டும் இல்லை. பன்னிரண்டு பேர். என் கையால் போட்டுக் கொடுத்த விசை, எங்கேயாவது ஒரு புள்ளியை விட்டவர்களுக்கெல்லாம் இதே கதிதான். முன் வரிசையில் பிரசன்னலட்சுமி தலையைக் கையில் தாங்கிக்கொண்டு இருக்கிறாள், அவளுக்கும் அதே தொகையாகத்தான் இருக்கும், அவள் பக்கத்தில் யாரோ செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலிமேல் சம்மணம் போட்டு முறைக்கிறார். எழுந்து சொல்ல வேண்டும். சொல்லிவிடலாம். முதலில் என்னுடையதைச் சரிசெய்துவிட்டுச் சொல்லலாம், அதில் என்ன தப்பு, ஐந்து நிமிஷம். எப்படியும் அவர்கள் வேறு ஏதாவது தப்பும் செய்திருப்பார்கள். எப்படியும் அர்ஷத் கண்டுபிடிப்பான். செமிகோலனைப் போட்டேன். கம்பைலரை மட்டும் தனியாக ஓட்டினேன், விசையைத் தொடவில்லை. அடுத்த சிவப்பு. காலையில் பெயர் மாற்றினேனே அந்தப் பெட்டி, ஒரு இடத்தில் பழைய பெயர் கிடந்தது. திருத்தினேன். அடுத்த சிவப்பு. பாதிப் பேரைத்தான் எடுப்பார்கள். லூர்து பாலிடெக்னிக்கில் சி படித்தவர், கையும் வேகம், சொன்னால் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவார், நான் இன்னும் சிவப்பில் கிடப்பேன். அப்பாவின் அட்டை. சொல்லாவிட்டால் என்ன, யாருக்குத் தெரியும், நானே இப்போதுதானே பார்த்தேன், இன்னும் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டால் ஆயிற்று. லூர்து பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், காலையில் எத்தனை தரம் கோமதி இது என்ன கோமதி அது என்ன என்று கேட்டவர் சாப்பிட்டு வந்ததிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை, மனிதர் மனம் தளர்ந்துவிட்டார் போலிருக்கிறது. அவர் வீட்டில் அந்த அட்டையில் யார் யார் பெயர் இருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை. சாம்பார் சாதத்தில் அவருக்குப் பீன்ஸ் பிடிக்காது என்று தெரியும், ஓரமாக ஒதுக்கி வைப்பார், அது தெரியும். முடிச்சுட்டுச் சொல்லலாம். அடுத்த சிவப்பு. முடிச்சுட்டுச் சொல்லலாம் என்பதையே மனசு சொல்லிக்கொண்டு இருந்தது, கையோ ஓடவில்லை, ஒவ்வொரு எழுத்துக்கும் அவர் மூச்சு கேட்டது. சீ என்று இருந்தது எனக்கு என்னைப் பார்க்க.

"லூர்து," என்றேன். விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன். "லூர்து, அந்த எஃப் அஞ்சு தப்புங்க. அது பழசத்தான் ஓட்டுது. மேல போய்ப் பாருங்க, சிவப்பா இருக்கும்." அவர் என்னைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தார். அதைக் கொஞ்சம் தன் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார், கண் கூசுகிறது என்று சொல்லியிருந்தார். "ம்," என்றார். "பாத்தேன்." "எப்ப?" "சாப்பாட்டுக்கு முன்னாடி." ஏசி இரைந்தது. "சொல்லலாம்னுதான் இருந்தேன் கோமதி. என்னோடத முடிச்சுட்டு..." என்று நிறுத்திவிட்டார். இப்போது எட்டிப் பார்த்தேன், அவர் திரையில் சிவப்பே இல்லை, எண்கள் கொட்டி நின்று, அடியில் வேறு தொகை, பெரிய தொகை, கடைசி ஓட்டமும் சேர்ந்த தொகை. எப்போதோ முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார். மூச்சு வாங்கிக்கொண்டு. சாப்பிடும்போது என் எதிரில் உட்கார்ந்து என் ஊறுகாயை எடுத்துக்கொண்டார், என்ன பண்றதுன்னே தெரியல கோமதி என்று சொன்னார், அதையும் நான் நம்பினேன். அவரைத் திட்ட வேண்டும் என்று வாயெடுத்தேன், ஆனால் வாய்க்குள் இருந்தது அவர் சொன்ன அதே வாக்கியம், ஒரு எழுத்து மாறாமல், இத்தனை நேரம் நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டு இருந்தது. எந்த முகத்தோடு திட்டுவது. அவருக்கு வேர்த்திருந்தது, இந்தக் குளிரிலும்.

எழுந்து நின்றேன். கால் மரத்திருந்ததால் மேசையைப் பிடித்துக்கொண்டேன், சால்வை கீழே விழுந்தது. எங்கள் ஊர்க் குரல், எனக்கே சில சமயம் கூச்சமாக இருக்கும், பஸ் ஸ்டாண்டில் நின்று கூப்பிட்டால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும். "எல்லாரும் ஒரு நிமிஷம். எஃப் அஞ்ச அழுத்தாதீங்க. காலைல நான் போட்டுக் குடுத்தது தப்பு. கம்பைல் ஆகலன்னாலும் பழையதயே ஓட்டிட்டு இருக்கு. மேல ஏத்திப் பாருங்க." மவுஸ் சக்கரங்கள் உருளும் சத்தம், கூடம் முழுக்க, சின்னச் சின்னதாக. "அட கடவுளே," என்று பிரசன்னலட்சுமி சொன்னாள். சம்மணம் போட்டிருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை வீட்டுக்குப் போனாலும் மறக்க முடியாது. அர்ஷத் முன்னாலிருந்து எழுந்து வந்தான், கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "மேடம், இத அப்பவே குரூப்ல கேட்டிருக்கலாமே." "கேட்டிருக்கலாம்," என்றேன். "அர்ஷத், இவங்களுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் குடுங்க. என் தப்பு." "எங்கிட்ட இல்ல மேடம். நாலு மணிக்கு லாக் ஆயிடும்." அவன் முகம் வாடிவிட்டது, அவனையும் யாரோ எங்கேயோ அளந்துகொண்டு இருக்கிறார்கள் போலும். எல்லாரும் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். யாரும் என்னைத் திட்டக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

உட்கார்ந்தேன். சிவப்பு இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது, அதையும் எடுத்தேன். கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை. ஒப்பினால் அவள் பேச மாட்டாள், அதுதான் அவள் பாராட்டு. நிரலை ஓட்டினேன், எண்கள் கொட்டின, தொகை மாறியிருந்தது. நாள் முழுக்க மாறாத தொகை மாறியிருந்தது, ஆனால் லூர்து திரையில் பார்த்த தொகை இல்லை, அதைவிடக் கூடுதல். நேரம் இல்லை. எந்த மாற்றம் எதைச் செய்கிறது என்று எனக்கே தெரியவில்லை, கோப்பு, சுழல், பெட்டி, எல்லாம் என் கையெழுத்து, யாரோ எழுதியதுபோல இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன், பார்த்தேன். அப்பா இப்போது கட்டிலில் சாய்ந்திருப்பார். கண் முன்னால் எழுத்துகள் மிதந்தன. அப்போது பக்கத்து நாற்காலியின் சக்கரம் உருண்டு வந்தது. லூர்து. விசைப்பலகையைத் தொடவில்லை, விரலைத் திரைக்குக் கொஞ்சம் தள்ளி நீட்டினார். "கடைசி வரிய ரெண்டு எடத்துல கூட்டறீங்க," என்றார் மெதுவாக. "சுழல்லயே வந்துடுது. வெளிய இருக்கறத எடுங்க." உங்கள் உதவி வேண்டாம், போய் உங்கள் இடத்தில் உட்காருங்கள் என்று சொல்ல வேண்டும், சொல்லுகிற தெம்பு வேறு யாரிடமாவது இருக்கலாம். எடுத்தேன். கம்பைலர் பேசவில்லை. ஓட்டினேன். அவர் திரையில் இருந்த தொகை என் திரையில் வந்து நின்றது. அர்ஷத் வரிசையில் எங்கள் பக்கம் வந்து, இரண்டு திரையையும் பார்த்து, சரி என்று தன் கையிலிருந்த டேப்லெட்டில் தட்டிக்கொண்டு முன் வரிசைக்குப் போனான், அங்கே பிரசன்னலட்சுமி இன்னும் தட்டிக்கொண்டு இருந்தாள். நான் லூர்துவுக்கு நன்றி சொல்லவில்லை. அவரும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு போகவில்லை, இரண்டு பேரும் முன் வரிசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.